யாழ்ப்பாணத்துத் தோட்டமும் பசளையும்: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறில்லை. மாரிக்காலத்தில் மட்டும் ஓடி வரளும் வழுக்கியாறு ஒன்றே அப்பெயருக்கு உரியது. ஆற்றங்கரைகளில் எழுந்த வேளாண்மைச் சமுதாயங்களுக்கு வெள்ளம் ஆண்டுதோறும் வண்டலைக் கொண்டுவந்து சேர்த்தது. காவிரிக் கழிமுகத்து உழவனுக்கு ஆறு செய்துகொடுத்த அவ்வேலையை, யாழ்ப்பாணத்துக் கமக்காரன் தன் தலைச்சுமையாலும் மாட்டு வண்டியாலும் செய்துகொள்ள வேண்டியிருந்தது. குடாநாட்டின் தோட்டமண் இயற்கை தந்த செல்வம் மட்டுமன்று. தலைமுறை தலைமுறையாக வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கப்பட்டவற்றாலும் ஆனது. ஆதலின் இந்நிலத்தில் பசளையின் வரலாறு என்பது, எதை யார் எங்கிருந்து கொண்டுவந்தனர், வந்தவற்றுள் எவை மண்ணில் தங்கின, எவை கிணற்றினுள் இறங்கின என்னும் வினாக்களின் வரலாறாகும்.

நிலமும் நீரும்

குடாநாடு முழுவதற்கும் அடித்தளமாக அமைவது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கற் படையாகும். அதன்மேல் வலிகாமத்தின் நடுப்பகுதியில் செம்பாட்டு மண் பரந்து கிடக்கின்றது. சுன்னாகம், உரும்பிராய், கோப்பாய், இணுவில், புன்னாலைக்கட்டுவன், தெல்லிப்பழை ஆகிய ஊர்களின் புகழ்பெற்ற தோட்டங்கள் இம்மண்ணில் அமைந்தனவே. இம்மண் எளிதிற் பண்படுவது. நீரை விரைவில் உள்வாங்குவது. ஆனால் இதில் இயல்பாக உள்ள சேதனப்பொருள் மிகக் குறைவு. இட்ட பசளையை நெடுநாள் பிடித்துவைக்கும் ஆற்றலும் குறைவு. அடியிலுள்ள சுண்ணாம்பின் தொடர்பினால் பல இடங்களில் காரத்தன்மையும் காணப்படுகின்றது.

மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திற் பெய்கின்றது. அந்நீர் மண்ணூடாக இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. கடல்நீரின் மேல் மிதக்கும் இந்நன்னீர்ப் படையையே கிணறுகள் எட்டுகின்றன. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இவ்வமைப்புக்குக் கண்கண்ட சான்று. பயிருக்கு இறைப்பதும் வீட்டில் உண்பதும் இவ்வொரு நீரே என்பது மனங்கொள்ளத்தக்கது. தோட்டத்தில் இடப்படுவது எதுவாயினும் அது இறுதியில் குடிநீரோடு உறவுடையதாகின்றது.

பழைய பசளைகள்

இத்தகைய மண்ணில் ஆண்டுக்கு இருபோகம் எடுத்த கமக்காரன் கையாண்ட பசளைகள் பலவாகும். முதன்மையானது குழை. பூவரசு, முள்முருக்கு, வாதநாராயணி முதலிய வேலி மரங்களின் குழை வெட்டப்பட்டுச் சால்களில் தாழ்க்கப்பட்டது. வெளிநிலங்களிற் படர்ந்த காவிளாயும் பிடுங்கி வரப்பட்டது. சணல் விதைக்கப்பட்டுப் பூக்கும் பருவத்தில் மண்ணோடு மடித்து உழப்பட்டது. இரண்டாவது, பட்டி அடைத்தல். ஆடுமாடுகளை இரவில் தோட்டத்தில் அடைத்து, நாள்தோறும் பட்டியை இடம்மாற்றி, சாணமும் சலமும் நிலம் முழுவதும் பரவுமாறு செய்தனர். மூன்றாவது, பனையோலை. வீட்டுக் கூரையிலும் வேலியிலும் காலங்கழித்த ஓலை, புதிய ஓலை ஏறியதும் தோட்டத்தில் புதைக்கப்பட்டது. கடலோர ஊர்களிலும் தீவுப் பகுதிகளிலும் கரையொதுங்கிய சாதாளை பசளையாயிற்று. அடுப்புச் சாம்பலும் வீட்டுக் குப்பையும் எருக்குழியைச் சேர்ந்தன.

இவ்வொழுங்கில் வேலி என்பது எல்லைக்குறி மட்டுமன்று. அது குழை தரும் ஒரு சிறு காடு. பனை என்பது கள்ளும் கட்டியும் தரும் மரம் மட்டுமன்று. வேர் சென்ற ஆழத்திலிருந்து சத்தை உறிஞ்சி ஓலைவழியாக மேல்மண்ணுக்கு மீட்டுத்தரும் கருவி. சாதாளையோ மழை கழுவிக் கடலிற் சேர்த்தவற்றுள் ஒரு பகுதியை மீண்டும் கரைக்குக் கொண்டுவந்தது. வீடு, வேலி, பட்டி, தோட்டம், கடல் ஆகிய ஐந்தும் ஒரு சுற்றில் இணைந்திருந்தன எனலாம்.

புகையிலையும் உழைப்பும்

இம்முறைக்குப் பெரும் உந்துதலை அளித்தது புகையிலைச் செய்கை. 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர்கள் காலத்திலும் தொடர்ந்துவந்த ஆங்கிலேயர் காலத்திலும் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. பிற்காலத்தில் சுருட்டாகத் தென்னிலங்கைக்கும் சென்றது. புகையிலை மண்ணிலிருந்து மிகுந்த சத்தை எடுக்கும் பயிர். ஏற்றுமதியாகும் ஒவ்வொரு சிப்பத்தோடும் குடாநாட்டு மண்ணின் ஒரு பகுதியும் கப்பலேறியது. அவ்விழப்பை ஈடுசெய்யக் குழையும் எருவும் மேன்மேலும் வேண்டப்பட்டன. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமேர்சன் தெனன்ற், 1859ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர்ப்பாசனத்தையும் தோட்டச் செய்கையின் செம்மையையும் வியந்து எழுதினார்.

ஆயினும் அச்செம்மை யாருடைய உழைப்பால் விளைந்தது என்ற வினாவை வரலாறு தவிர்க்க முடியாது. துலாவில் ஏறி மிதித்தவர், குழைக்கட்டுச் சுமந்தவர், சாலிற் குனிந்து குழை தாழ்த்தவர் ஆகியோருட் பலர் தாம் உழைத்த நிலத்துக்கு உரியவராக இருக்கவில்லை. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமை, அடிமைகளைப் பற்றிய விதிகளையும் உள்ளடக்கியிருந்தது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844ஆம் ஆண்டிலேயே. சட்டம் ஒழித்த பின்னரும் சாதிவழிப்பட்ட குடிமை உழைப்பு நெடுங்காலம் நீடித்தது. ஆகவே பழைய பசளை முறையை வெறும் பொற்காலமாகப் போற்றுவோர், அதன் மலிவுக்கு மனித உழைப்பின் மலிவும் ஒரு காரணமாயிருந்தது என்பதை மறத்தலாகாது. பிற்காலத்தில் உழைப்பாளர் உரிய கூலி கேட்கும் உரிமை பெற்றபோது குழை தாழ்த்தல் செலவு மிக்கதாயிற்று என்பதும் இவ்வரலாற்றின் ஒரு கூறேயாகும்.

அறிவியல் கண்டவை

பழைய பசளைகள் மண்ணுக்கு எதனை அளித்தன என்பதை அறிவியல் படிப்படியாகவே அறிந்துகொண்டது. 1840ஆம் ஆண்டில் யேர்மனிய இரசாயன அறிஞர் லீபிக் வெளியிட்ட நூல், தாவரங்கள் மண்ணிலிருந்து கனியுப்புக்களைப் பெறுகின்றன என்ற கருத்தை நிலைநாட்டியது. 1842ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் லோஸ் என்பார் சுப்பர் பொசுபேற்றுத் தயாரிக்கும் உரிமம் பெற்றார். அடுத்த ஆண்டில் ரொதம்ஸ்ரெட் பரிசோதனைகள் தொடங்கின. நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம் என்னும் மூன்றும் பசளையியலின் மூலவர்களாயின.

ஆனால் பயிருக்கு வேண்டியவை அம்மூன்றோடு முடிந்துவிடவில்லை. இரும்புச் சத்தின்றி இலை வெளிறும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் கிறீ 1840களில் காட்டினார். மங்கனீசு 1922இலும், போரன் 1923இலும், நாகம் 1926இலும், செம்பு 1931இலும், மொலிப்தனம் 1939இலும் பயிருக்கு இன்றியமையாதவை என நிறுவப்பட்டன. இவை மிகச் சிறிய அளவில் வேண்டப்படுவதால் நுண்மூலகங்கள் எனப் பெயர்பெற்றன. கந்தகமோ நுண்மூலகமன்று, அது பொசுபரசுக்கு ஏறத்தாழ ஒத்த அளவிற் பயிருக்குத் தேவைப்படுவது. எனினும் அது தனித்துக் கேட்கப்படாமலே பிறவற்றோடு சேர்ந்து வந்துகொண்டிருந்தமையால் நெடுங்காலம் எவர் கருத்திலும் படவில்லை. யாழ்ப்பாணத்துக் கமக்காரன் இவற்றின் பெயரை அறிந்திலன். ஆயினும் குழையிலும் சாணத்திலும் சாதாளையிலும் இவையாவும் கலந்திருந்தன. பெயர் தெரியாமலே அவன் பயிருக்கு அவற்றை ஊட்டிவந்தான்.

சுண்ணாம்பு மண்ணில் இச்செய்தி தனிச் சிறப்புடையது. காரத்தன்மை மிகும்போது இரும்பு, நாகம், மங்கனீசு ஆகியவை மண்ணில் இருந்தும் பயிருக்குக் கிட்டாத வடிவம் எய்துகின்றன. இதனைத் தெளிவாகக் காட்டிய பயிர்களுள் ஒன்று கரும்பு. கரும்பு யாழ்ப்பாணத்துப் பயிரன்று. இலங்கையில் அது கந்தளாய், ஹிங்குராணை, செவனகல, பெல்வத்தை ஆகிய இடங்களிலேயே பெருஞ்செய்கையாக அமைந்தது. ஆனால் யாழ்ப்பாணத்தைப் போலச் சுண்ணாம்பு மிக்க தமிழ்நாட்டு நிலங்களில், குறிப்பாக மறுதாம்புக் கரும்பில், இளம் இலைகளின் நரம்புகள் பச்சையாக நிற்க இடைப்பகுதி மஞ்சளித்து வெளிறுவது நன்கு அறியப்பட்ட குறைபாடாகும். அதற்கு மருந்து அன்னபேதி எனப்படும் இரும்புச் சல்பேற்று. அதனை மண்ணில் தனியே இட்டால் சுண்ணாம்பு விரைவில் அதனைப் பயனற்றதாக்கிவிடும். ஆகவே இலையில் தெளிப்பர். அல்லது தொழுவெருவோடு கலந்து இடுவர். எரு மக்கும்போது தோன்றும் சேதனச் சேர்வைகள் இரும்பைப் பற்றிக்கொண்டு, வேர் எடுக்கத்தக்க நிலையில் அதனை வைத்திருக்கின்றன. எருவின் பயன் அது கொண்டுவரும் சத்து மட்டுமன்று. மண்ணில் ஏற்கெனவே உள்ள சத்தைப் பூட்டுத் திறந்து தருவதும் அதன் தொழிலே என்பதைக் கரும்பு வயல் கற்பிக்கின்றது. சுண்ணாம்பின்மேற் பயிரிடும் குடாநாட்டுக்கு இப்பாடம் மிகவும் பொருந்துவதாகும்.

மூடைகளின் வருகை

இலங்கையில் அசேதனப் பசளைகளை முதலிற் கையாண்டவை பெருந்தோட்டங்களே. உணவுப் பயிர்களுக்கு அவை பரவியது பெரும்பாலும் சுதந்திரத்தின் பின்னராகும். 1962ஆம் ஆண்டில் நெற்செய்கைக்குப் பசளை மானியம் தொடங்கப்பட்டது. 1964ஆம் ஆண்டில் இலங்கை உரக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. இதேகாலப் பகுதியில் துலாவின் இடத்தை மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் கைப்பற்றியது. இறைப்பு எளிதானபோது பயிர்ப்பரப்பும் நீரளவும் பெருகின. நீரோடு பசளையும் பெருகியது. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாட்டின் கீழ் மிளகாயும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் நல்ல விலைபெற்றன. கல்வீடுகளும் உழவு இயந்திரங்களும் மிளகாயின் செந்நிறத்திலிருந்தே எழுந்தன என்று கூறத்தக்க காலம் அது. 1977ஆம் ஆண்டின் பின் திறந்த பொருளாதாரம் வந்து விலை வீழ்ந்தபோது, குறைந்த செலவில் கூடிய விளைச்சல் பெறவேண்டிய நெருக்கடி கமக்காரனை மேலும் மூடையை நாடச் செய்தது.

மூடையிலும் ஒரு மாற்றம் அரவமின்றி நிகழ்ந்தது. தொடக்கத்திற் பெரிதும் பயன்பட்டது அமோனியம் சல்பேற்று. அதில் நைதரசன் 21 வீதம். கந்தகம் 24 வீதம். சாதாரண சுப்பர் பொசுபேற்றிலும் 11 அல்லது 12 வீதம் கந்தகம் உண்டு. பின்னர் வந்த யூரியாவில் நைதரசன் 46 வீதம். கந்தகம் அறவே இல்லை. முச்சுப்பர் பொசுபேற்றிலும் கந்தகம் அற்பமே. 100 கிலோகிராம் நைதரசனை அமோனியம் சல்பேற்றாக இட்டால், 50 கிலோகிராம் மூடைகள் ஏறத்தாழ ஒன்பதரை வேண்டும். அவற்றோடு 114 கிலோகிராம் கந்தகமும் மண்ணைச் சேரும். அதே நைதரசனை யூரியாவாக இட்டால் நாலரை மூடைக்கும் குறைவாகவே போதும், கந்தகம் சேராது. வண்டிக்கூலியும் சுமைக்கூலியும் பாதிக்குமேற் குறைவதால் யூரியா வென்றதில் வியப்பில்லை. கேளாமல் வந்த கந்தகம் சொல்லாமல் போயிற்று.

இம்மாற்றம் வெங்காயம் விளையும் நாட்டில் சிறிய செய்தியன்று. வெங்காயத்தின் நெடியும் காரமும் கந்தகச் சேர்வைகளால் ஆனவை. கந்தகம் குன்றிய மண்ணில் விளையும் வெங்காயம் காரம் குன்றியிருக்கும் என்பது ஆய்வுகள் காட்டிய உண்மை. எனினும் இதனைக் கொண்டு குடாநாடெங்கும் கந்தகக் குறைபாடு எனத் தீர்ப்புக் கூறுதல் தவறாகும். கடல்நீரில் சல்பேற்று மிகுதியாக இருப்பதால், உவரேறிய கிணற்றின் நீர் தானே கந்தகத்தைத் தோட்டத்திற் சேர்க்கக்கூடும். உள்நாட்டு நன்னீர்க் கிணற்றின் நிலை வேறாகலாம். ஒரே ஊரில் இரு தோட்டங்களுக்கு இருவேறு பசளை தேவைப்படலாம். மூடையின்மேல் அச்சிட்ட எண்கள் எல்லாத் தோட்டத்துக்கும் ஒன்றே. மண்ணும் நீரும் அவ்வாறல்ல.

கிணற்றில் இறங்கியவை

பயிர் எடுத்ததுபோக எஞ்சிய நைதரசன் நைத்திரேற்றாக மாறி, இறைப்புநீரோடும் மாரிமழையோடும் செம்பாட்டு மண்ணூடாக இறங்கியது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் அதனைத் தடுப்பார் இல்லை. 1980களில் நடந்த ஆய்வுகள், செறிவான தோட்டச் செய்கையுள்ள பகுதிகளின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த வரம்பாகிய இலீற்றருக்கு 50 மில்லிகிராமை மீறியிருந்ததை வெளிப்படுத்தின. பிற்கால ஆய்வுகளும் அதனையே உறுதிசெய்தன. நைத்திரேற்று மிகுந்த நீரிற் கரைத்த பாலை அருந்தும் கைக்குழந்தைகளின் குருதி, உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம்பாரிக்கும் அபாயம் உண்டு. இதில் தோட்டத்தின் பங்கு மட்டுமன்றி, நெருங்கிய குடியிருப்புகளின் மலக்குழிகளின் பங்கும் உண்டு. எருவும் அளவுமீறின் இக்குற்றத்திலிருந்து தப்புவதன்று. மக்கிய சாணத்திலிருந்து பிறக்கும் நைத்திரேற்றுக்கும் மூடையிலிருந்து பிறப்பதற்கும் கிணறு வேறுபாடு அறியாது.

இங்கு ஒரு முரண் புலப்படுகின்றது. பயிருக்கு நாகமும் இரும்பும் எட்டாதிருக்க, நைதரசன் மட்டும் மேன்மேலும் கொட்டப்பட்டால், பயிர் அதனை முழுதும் எடுத்துக்கொள்ள இயலாது. குறைவாயுள்ள ஒன்றே வளர்ச்சியின் எல்லையை வகுக்கும் என்பது லீபிக் பரப்பிய கோட்பாடு. ஆகவே சிறிதளவு நுண்மூலகத்தின் இன்மை, பெருமளவு நைதரசனின் வீணடிப்பாகி, ஈற்றிற் குடிநீரின் கேடாக முடிகின்றது. மஞ்சளித்த இலைக்குக் காரணம் இரும்பா நைதரசனா என்று ஆராயாமல் இன்னொரு கை யூரியாவை வீசும் பழக்கம், இலையையும் குணப்படுத்தாது, கிணற்றையும் கெடுக்கும்.

தடைகளின் காலம்

1990ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குச் செல்லும் பொருள்கள்மீது தடைகள் விதிக்கப்பட்டன. எரிபொருளோடு யூரியாவும் அத்தடைக்குள்ளாயிற்று. வலிகாமம் வடக்கின் செம்பாட்டுத் தோட்டங்களுட் பல உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. 1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் பெருந்திரளாக வெளியேறியபோது, பல தலைமுறைகள் குழை தாழ்த்துப் பண்படுத்திய மண் ஆளின்றிக் கிடந்தது. 2009ஆம் ஆண்டு போர் முடிந்தபின் நிலங்கள் சிறிது சிறிதாகவே விடுவிக்கப்பட்டன. மீண்டவர்கள் கண்டவை பற்றைக்காடும் தூர்ந்த கிணறுகளும். தோட்டமண் கைவிடப்பட்டால் தானாக வளம் பெருக்கி வைத்திருப்பதன்று. அது நாளாந்தப் பராமரிப்பின் பேறு என்பதை அவர்கள் கண்கூடாக அறிந்தனர்.

2021ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி வெளிவந்த வர்த்தமானி, நாடு முழுவதற்கும் அசேதனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. நாடு ஒரேயடியாகச் சேதன வேளாண்மைக்கு மாறவேண்டும் என்பது அதன் நோக்கம். நெல்லும் தேயிலையும் விளைச்சல் குன்றின, எதிர்ப்பு வலுத்தது, அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் தடை பெரும்பாலும் தளர்த்தப்பட்டது. குடாநாட்டின் வரலாற்றை நோக்குவோர்க்கு அத்திட்டத்தின் குறை எளிதிற் புலப்படும். சேதனப் பசளை என்பது வர்த்தமானியில் பிறப்பதன்று. அது வேலியிலும் பட்டியிலும் பனந்தோப்பிலும் பிறப்பது. கிடுகுவேலியும் பூவரசும் நின்ற இடங்கள் பலவற்றில் மதில் எழுந்துவிட்டது; ஓலைக்கூரை ஓடாகவும் தகரமாகவும் மாறியது; போர் பனைகளைப் பெருந்தொகையில் அழித்தது; பட்டிகள் அருகின. சுற்றின் கண்ணிகள் அறுந்தபின், அதன் பயனை மட்டும் ஓராண்டிற் கோருதல் இயலாத செயலாகும்.

முடிவாக

பழையது முழுவதும் நன்று, புதியது முழுவதும் தீது என்றோ, இதற்கு மாறாகவோ கூறுவதற்கு யாழ்ப்பாணத்துப் பசளை வரலாறு இடந்தரவில்லை. பழைய முறை மண்ணுக்கு எல்லாவற்றையும் அளித்தது; ஆனால் அதன் சுமையைச் சிலர் தலையில் ஏற்றியது. புதிய முறை அச்சுமையை இறக்கியது. ஆனால் மூடையில் எழுதியதை மட்டும் அளித்து, எழுதாததைக் கைவிட்டது. எஞ்சியதைக் கிணற்றிற் சேர்த்தது. இருமுறைகளிலும் கமக்காரன் தான் இடுவது இன்னதென அறியாமலே இட்டான். முதலாவதில் அவ்வறியாமை தீங்கு செய்யவில்லை, இரண்டாவதில் செய்தது.

வேண்டப்படுவது அறிவேயாகும். விதைக்குமுன் மண்ணையும் இறைக்குமுன் நீரையும் பரிசோதித்து, குறைந்ததைக் குறைந்த அளவுக்கு மட்டும் இடுதல். சுண்ணாம்பின் பூட்டைத் திறக்க எருவையும், விளைச்சலுக்கு ஏற்ற அளவில் மூடையையும் இணைத்தல். மதிலோரத்திலேனும் குழைமரம் நடுதல் ஆகியவை அதன் வழிகள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் திருநெல்வேலியிலுள்ள விவசாய ஆராய்ச்சி நிலையமும் கமக்காரனுக்கு எட்டாத தொலைவில் உள்ளவையல்ல. காவிரிக்கரை உழவனுக்கு ஆறு தன் வண்டலை மீண்டும் கொணரலாம். குடாநாட்டுக்கு அத்தகைய ஆறு இல்லை. இங்கு மண்ணுக்கு எதைக் கொண்டுவந்தாலும் மனிதனே கொண்டுவர வேண்டும். கொண்டுவந்ததன் எச்சத்தையும் அவனே, அவன் பிள்ளைகளே, அக்கிணற்றில் அள்ளிப் பருக வேண்டும்.